உழைக்கும் உடம்புக்கும் மாரடைப்பு வரும்

“வயக்காட்டுல உழைக்கிற உடம்பு, மாரடைப்பெல்லாம் டவுன்காரங்க வியாதி.” ஆலங்குடி, கறம்பக்குடி, மணமேல்குடி என்று புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப்புறங்களில் உறுதியாக நம்பப்படும் பேச்சு இது. கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் படித்து, கனடாவில் பணியாற்றும் இதயநோய் மருத்துவர் சலீம் யூசுப்பின் ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்காது.

1. “கிராமத்தில் ஆபத்து குறைவு.” பாதிதான் உண்மை. அவர் தலைமையில் 17 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கண்காணித்த ‘ப்யூர்’ ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. ஆபத்துக் காரணிகள் நகரத்தாரிடமே கூடுதல். ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற தாக்குதல்கள் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் நகரத்தில் 4.83, கிராமத்தில் 6.25. தாக்கப்பட்டவர்களில் இறந்தவர்களின் விகிதமும் கிராமத்தில்தான் அதிகம். உழைப்பு இதயத்துக்கு நல்லது. ஆனால் அது சிகிச்சைக்கு ஈடாகாது.

2. “எல்லாம் பரம்பரை, தலையெழுத்து.” 2004-இல் வெளிவந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 52 நாடுகளில் நடந்தது. முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் சுமார் 90 விழுக்காடு ஒன்பது காரணிகளில் அடங்கிவிட்டது. புகை, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, தொப்பை, மன அழுத்தம் அவற்றில் சில. குடும்ப வரலாற்றைச் சேர்த்தும் கணக்கு பெரிதாக மாறவில்லை. இவற்றில் பெரும்பாலானவை நம்மால் மாற்றக்கூடியவை.

3. “வாயுப்பிடிப்பு, சோடா குடித்தால் போய்விடும்.” இந்த நம்பிக்கைதான் சிகிச்சையைத் தாமதமாக்கி உயிரைக் குடிக்கிறது. யூசுப் பங்கேற்ற ‘ஐசிஸ்’ ஆய்வு வரிசையில் இரண்டாவது, 17,187 நோயாளிகளிடம் நடந்து 1988-இல் வெளியானது. மாரடைப்பு வந்தவர்களுக்கு உடனே தொடங்கிய ஆஸ்பிரின், இறப்பை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தது. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆஸ்பிரின் உள்ளிட்ட முதல் மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கின்றன. நெஞ்சு அழுத்தி, வியர்த்துக் கொட்டினால் 108-ஐ அழையுங்கள்.

4. “உடம்பு நல்லாத்தானே இருக்கு, மாத்திரை எதுக்கு?” ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. அளவு சரியாக இருப்பது மாத்திரையின் பலன். நிறுத்தினால் மீண்டும் ஏறும். 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அந்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது.

நகரத்தைவிடக் கிராமத்தில் சாவு அதிகமாவது இயற்கையின் விதியல்ல, சிகிச்சை எட்டாததன் விளைவு. சிகிச்சையை ஊருக்குக் கொண்டுவருவது அரசின் கடமை. முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது நம் கடமை.