கிருமிகளை வேலைக்கு வைத்தால் கணக்கு காட்டுங்கள்

புதுச்சேரி அரசு, பொதுப்பணித்துறை, மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம், புதுச்சேரி மற்றும் உழவர்கரை நகராட்சிகளின் கவனத்துக்கு நகரவாசிகள் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியே வீட்டுக்குள் ஏறிய நச்சுவாயு மூன்று பேரின் உயிரைக் குடித்தது. காற்றுப் படாமல் தேங்கும் கழிவுநீரில் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடும். அதே நீருக்குக் காற்றூட்டினால் வேறு பாக்டீரியாக்கள் தலையெடுத்து அழுக்கைத் தின்று தீர்க்கும். எந்தக் கிருமி வளர வேண்டும் என்பதை நம் பராமரிப்புதான் முடிவு செய்கிறது.

நுண்ணுயிரை வேலை வாங்குவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. இந்திரா நகரில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், பி-17 என்ற பாக்டீரியா வகையிலிருந்து கொசுப்புழுக்கொல்லி செய்யும் முறையை உருவாக்கியது. காலாப்பட்டில் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஆள் இல்லை, அறிவு இல்லை என்று யாரும் கையை விரிக்க முடியாது.

முதலில், மண்ணையும் நீரையும் சோதியுங்கள். பெரிய வாய்க்காலில் டிரம் டிரம்மாகக் கிருமிக் கரைசல் ஊற்றிப் படம் பிடித்துக்கொள்ளும் வேலை வேண்டாம். நாற்றம் குறைந்ததால் நஞ்சு குறைந்துவிட்டது என்று ஆகாது. பீனால், எண்ணெய்க் கழிவு, பூச்சிமருந்து எச்சம் ஆகியவற்றின் அளவை வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் எடுக்க வேண்டும். எதுவும் ஊற்றாத ஒரு பகுதியையும் ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவைக்க வேண்டும். தானாகக் குறைந்ததற்கு ஒப்பந்ததாரர் ஏன் பில் போட வேண்டும்? பெயர் தெரியாத பாக்கெட் கிருமிகளும் வேண்டாம். 1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் அலாஸ்காக் கரையில் படிந்தபோது, அங்கே ஏற்கெனவே இருந்த பாக்டீரியாக்களுக்கு உரம் தெளித்து வேகம் கூட்டினார்கள். இங்கும் உள்ளூர்க் கிருமிக்குக் காற்றும் சத்தும் கொடுத்துப் பார்ப்பதே முதல் முயற்சியாக இருக்கட்டும்.

நிறம் போனதைச் சான்றாக ஏற்க மாட்டோம். ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று மூன்று துணி ஆலைகளைக் கண்ட ஊர் இது. சாயத்தைப் பற்றி எங்களுக்குக் கதை சொல்ல வேண்டாம். அசோ சாயங்களைக் காற்றில்லாத தொட்டியில் விட்டால் பாக்டீரியாக்கள் அவற்றின் பிணைப்பை அறுக்கும், தண்ணீர் தெளிந்துவிடும். ஆனால் அதில் அரோமேட்டிக் அமீன்கள் மிஞ்சும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அடுத்த தொட்டியில் காற்றூட்டி அவற்றையும் சிதைத்தால்தான் வேலை முடியும். பாதி சிதைந்த நஞ்சு சில நேரம் முழு நஞ்சைவிட மோசம். எனவே சாயக்கழிவுக்கு இரண்டு கட்டச் சுத்திகரிப்பும், வெளியேறும் நீரில் அமீன் சோதனையும் கட்டாயம் ஆக்கப்பட வேண்டும்.

லாஸ்பேட்டை, கனகன் ஏரி, துப்ராயப்பேட்டை சுத்திகரிப்பு நிலையங்களில் அழுக்கைத் தின்பவையும் பாக்டீரியாக்கள்தான். அமிலமோ கரைப்பானோ மொத்தமாக வந்து விழுந்தால் அவை செத்துப்போகும். மீண்டும் பெருகும்வரை ஊர்க் கழிவு அரைகுறையாகத்தான் வெளியேறும். மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளின் கழிவு, ஆலை வளாகத்திலேயே சுத்தமாகாமல் பொதுச் சாக்கடைக்கு வரக்கூடாது. கழிவு ஏற்றும் டேங்கர் ஒவ்வொன்றிலும் ஜி.பி.எஸ். பொருத்த வேண்டும். செலவு ஆலையுடையது, எங்கள் வரிப்பணத்தில் கை வைக்காதீர்கள்.

ஈயத்தையும் பாதரசத்தையும் எந்தப் பாக்டீரியாவாலும் இல்லாமல் ஆக்க முடியாது. வடிவத்தை மாற்றலாம், அவ்வளவே. குரும்பாப்பேட்டை குப்பைக்கிடங்கின் கசிவுநீரில் உலோகங்களைத் தனியாக அளந்து, அவற்றுக்குத் தனித் திட்டம் வகுக்க வேண்டும்.

ஆளிறங்கும் குழிகளில் வாயு அளவி வையுங்கள். எந்தத் தொழிலாளியையும் உள்ளே இறக்காதீர்கள்; ஆபத்தான சாக்கடைத் துப்புரவைத் தடை செய்து 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது.

சோதனை முடிவுகளை மாதந்தோறும் தமிழில், நகராட்சி அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். ஒப்பந்ததாரர் தரும் தாளோடு நிறுத்தாமல் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று அதே மாதிரியைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இரண்டு அறிக்கைகளும் ஒத்துப்போகும்வரை கடைசித் தவணைப் பணம் கருவூலத்திலேயே இருக்கட்டும்.