மூழ்கியது தங்கம் மட்டும்தானா?

போன வாரம் நந்தனத்தில் நண்பன் ரூமில் மறுபடியும் டைட்டானிக் படம் பார்த்தோம். எத்தனையாவது முறை என்று கணக்கே இல்லை. படம் முடிந்ததும் வழக்கம்போல, அந்தப் பலகையில் ஜாக்கும் ஏறியிருக்கலாமா என்று ஒரு மணி நேரம் சண்டை. அதே கப்பலில் கரி அள்ளிப் போட்டவன் என்ன ஆனான் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1912-ல் டைட்டானிக்கில் வேலை பார்த்தவர்கள் சுமார் 900 பேர். அதில் முக்கால்வாசிப் பேர் செத்தார்கள். கடைசி நிமிடம் வரை விளக்கு எரிய வைத்த பொறியாளர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. கப்பல் மூழ்கியதோடு ஊழியர்களின் சம்பளமும் நின்றுபோனது!

சரி, அது வெள்ளைக்காரத் தொழிலாளியின் கதை. நம் ஆட்கள் செத்த கதை தெரியுமா?

பி அண்ட் ஓ கம்பெனியின் 'எகிப்து' கப்பல் 1922 மே மாதம் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்குக் கிளம்பியது. பயணிகள் 44 பேர், ஊழியர்கள் 294 பேர். ஊழியர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். 'லஸ்கர்' என்பது வெள்ளைக்காரன் இவர்களுக்கு வைத்த பெயர். (நம்மூரில் மதகு திறந்துவிடும் பொதுப்பணித்துறை ஊழியரையும் லஸ்கர் என்றுதான் சொல்கிறோம்.) மே 20 அன்று பிரான்ஸ் கரைக்கு அப்பால் கடும் மூடுபனி. ஒரு பிரெஞ்சு சரக்குக் கப்பல் வந்து மோதியது. இருபதே நிமிடத்தில் எகிப்து மூழ்கிவிட்டது. செத்தவர்கள் 86 பேர். அதில் 71 பேர் ஊழியர்கள்.

உடனே அங்கே பத்திரிகைகள் என்ன எழுதின தெரியுமா? இந்திய ஊழியர்கள் பயணிகளை விட்டுவிட்டுப் படகுகளுக்கு முண்டியடித்தார்களாம்!

கணக்குப் போடுகிறவர்கள் என்னை மடக்கலாம். பயணிகளில் மூன்றில் ஒருவர் செத்தார், ஊழியர்களில் நாலில் ஒருவர்தானே என்று. ஒப்புக்கொள்கிறேன். பதறி ஓடியவர்களும் இருந்திருக்கலாம். சாய்ந்துகொண்டிருக்கும் கப்பலில் யார்தான் பதற மாட்டார்கள்? ஆனால் என் கேள்வி வேறு. எந்தப் படகை யார் இறக்குவது, யார் எங்கே நிற்பது என்று அவர்களுக்குப் பழக்க வேண்டியது யார் வேலை? பிரிட்டிஷ்காரர்களின் விசாரணையே படகுப் பயிற்சி சரியில்லை என்று குறை கண்டது. கேப்டனின் சான்றிதழை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். பயிற்சி கொடுக்காதது மேலே இருந்தவன் தப்பு, கோழைப் பட்டம் மட்டும் கீழே இருந்தவனுக்கா?

நம் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டல் சுவரில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டரை எப்படி இயக்குவது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாளைக்கே தீப்பிடித்து நாம் ஓடினால், "பையன்கள் கோழைகள்" என்று எழுதிவிட்டுப் போனால் சரியாகிவிடுமா?

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தக் கப்பலில் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள தங்கமும் வெள்ளியும் இருந்தன. 120 மீட்டருக்கும் கீழே கிடந்த அந்தத் தங்கத்தை இத்தாலியர்கள் பல வருடம் போராடி 1932-ல் மேலே கொண்டுவந்தார்கள். உலகமே கைதட்டியது, புத்தகங்கள் வந்தன. எகிப்து என்று தேடினால் இன்றைக்கும் முதலில் வந்து நிற்பது அந்தத் தங்கம்தான்.

அந்த 71 பேரில் ஒரே ஒருவர் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். எனக்கும் தெரியவில்லை. பலகைக்காக ஒரு மணி நேரம் சண்டை போட்டவன் நான். வெட்கமாக இருக்கிறது.