ஒரே மூளை, வேறு வீடு

“இரண்டுக்கும் ஒரே மூளைதானே! அப்புறம் என்னப்பா தொல்லை?”

நம் மன்றக் கூட்டத்தில் ஒரு நண்பர் இப்படிக் கேட்டபோது அவை கலகலவென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அறைக்குத் திரும்பிய பிறகுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்குரிய விடையை அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமற்போன குறையை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காக நடந்ததைக் கூறிவிடுகிறேன். திருமுல்கேரியில் நமக்கு அறிமுகமான ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுப் பரணிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று கிடைத்தது. 1990களில் நம் நாட்டுக் கடைகளில் மலிவாக விற்ற வகை. ஜப்பானின் நின்டென்டோ பெட்டியைப் பார்த்துச் செய்த நகல். அதை ஆண்டுவிழாப் பொருட்காட்சியில் வைக்கலாம் என்றேன். கூடவே, அந்தப் பெட்டியைப் போல் நடிக்கும் எமுலேட்டர் நிரல் ஒன்றை நாமே எழுதி, பக்கத்தில் ஒரு கணிப்பொறியில் ஓட்டலாம் என்றும் சொன்னேன்.

அப்போது முதுகலை மாணவர் ஒருவர், பள்ளிக்கூடங்களுக்கு அரசு முதன்முதலில் வழங்கிய பிபிசி மைக்ரோ கணிப்பொறியின் கதையை எடுத்தார். 1984-85ஆம் ஆண்டில் ‘கிளாஸ்’ என்ற திட்டத்தின் கீழ் வந்தவை அவை. அவற்றின் செயலி 6502. நம் வீடியோ கேம் பெட்டிக்குள் துடிப்பதும் அதே 6502இன் உடன்பிறப்பு. உடனே நம் நண்பர், “அந்தப் பழைய பள்ளிக் கணிப்பொறியே இதை ஓட்டிவிடும் போலிருக்கிறதே! இதற்குப் போய் மூன்று மாதம் எதற்கு? இணையத்திலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் போவோம்” என்றார். தீர்மானமும் ஏறத்தாழ அப்படியே முடிந்தது.

தோழர்களே, அந்தப் பள்ளிக் கணிப்பொறி இதை ஓட்டாது. ஏன் ஓட்டாது என்பதில்தான் சுவையே இருக்கிறது.

1975இல் அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி 6502ஐ வெளியிட்டபோது அதன் விலை 25 டாலர். மற்ற செயலிகள் அதைப்போலப் பன்மடங்கு விலை விற்ற காலம் அது. மலிவுதான் அதை வீடுதோறும் கொண்டுசென்றது. 56 வகைக் கட்டளைகளே அதற்குத் தெரியும். நின்டென்டோவுக்காக ரிக்கோ நிறுவனம் செய்த சில்லில், தசமக் கணக்குப் போடும் திறனை நீக்கிவிட்டு, ஒலி எழுப்பும் பகுதியைச் சேர்த்தார்கள். மற்றபடி மூளை அதேதான். வேகத்திலும் பெரிய வேறுபாடு கிடையாது. பிபிசி மைக்ரோ நொடிக்கு 20 லட்சம் துடிப்பு. விளையாட்டுப் பெட்டி ஏறத்தாழ 18 லட்சம். நினைவகமோ பிபிசியில் 32 கிலோபைட், பெட்டியில் வெறும் 2 கிலோபைட். காகிதத்தில் பார்த்தால் பள்ளிக் கணிப்பொறியே வலியது!

ஆனால் விளையாட்டின் நிரல் செயலியோடு மட்டுமா பேசுகிறது? திரையில் ஒரு குள்ளன் குதிக்க வேண்டுமென்றால், பதினறும எண்ணில் 2000 முதல் 2007 வரையுள்ள எட்டு முகவரிகளில் நிரல் எதையாவது எழுதும். அந்த எட்டும் எட்டு வாசற்படிகள். அவற்றுக்கு அப்பால் படம் வரைவதற்கென்றே தனிச் சில்லு ஒன்று காத்திருக்கிறது. 64 சிற்றுருவங்களை அது தானே தூக்கி நிறுத்தும். மூளைக்கு அந்தச் சுமையே கிடையாது. பிபிசி மைக்ரோவில் அதே 2000ஆம் முகவரியில் இருப்பது வெறும் நினைவகம். நிரல் கதவைத் தட்டும், திறக்க ஆளிராது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. கேசட் என்று நாம் சொல்லும் அந்தச் செருகுபெட்டியின் நிரல் 8000ஆம் முகவரிக்கு மேல் குடியிருக்க விரும்புகிறது. பிபிசியில் அந்த இடத்தில் பேசிக் மொழியும் இயங்குதளமும் ஏற்கெனவே பாய்விரித்துப் படுத்திருக்கின்றன.

சரி, நிரல் கதவைத் தட்டும்போது பிடித்துக்கொண்டு, படச்சில்லின் வேலையை நாமே செய்துவிடலாமே என்பீர்கள். 6502இல் காவற்காரன் கிடையாது. “இந்த முகவரியைத் தொட்டால் எனக்குச் சொல்” என்று அதனிடம் கட்டளையிட முடியாது. ஆகவே ஒவ்வொரு கட்டளையையும் நாமே எடுத்துப் படித்து, பொருள் பார்த்து, நடத்திக் காட்ட வேண்டும். ஒரு கட்டளைக்குப் பல கட்டளைகள் செலவாகும். வேகம் பத்து மடங்குக்கும் மேல் விழும். ஒரே மூளையாக இருந்ததன் பயன் அத்தனையும் அங்கே போய்விடுகிறது.

காவற்காரன் உள்ள செயலியில் கதை வேறு. 2001இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸில் இருந்தது, அக்காலத்து மேசைக் கணிப்பொறிகளில் இருந்த பென்டியம் III குடும்பத்துச் செயலிதான், 733 மெகாஹெர்ட்ஸ். (1998 முதல் இவ்வூரிலேயே அந்நிறுவனத்தின் மென்பொருள் மையம் இருக்கிறது, அங்கே வேலைக்கு மனுப் போடப்போகும் நண்பர்கள் இந்த ஒரு பத்தியையாவது படித்து வைக்கலாம்.) அதைக் கணிப்பொறியில் நடிக்கவைக்க முயன்றவர்களில் ஒரு சாரார், விளையாட்டின் கட்டளைகளை மூளையிடம் நேராகவே ஒப்படைத்துவிட்டு, அது இயங்குதளத்தையும் படச்சில்லையும் கூப்பிடும் இடங்களில் மட்டும் குறுக்கே நின்றார்கள். மற்றொரு சாரார் பெட்டி முழுவதையும் அணு அணுவாக நடித்துக் காட்டினார்கள். எளிதென்று எல்லாரும் எண்ணிய எக்ஸ்பாக்ஸ் இரு சாராரையும் பல ஆண்டுகள் திணறடித்தது. மூளை அன்று, என்விடியா செய்த படச்சில்லே பெரிய முட்டுக்கட்டை.

இவற்றையெல்லாம் இறக்கி வைத்த நிரலிலிருந்து நாம் கற்றிருப்போமா? சென்ற ஆண்டுப் பொருட்காட்சியை நினைத்துப் பாருங்கள். எவரோ எழுதிய நிரல். மேலே நம் மன்றத்தின் பெயர்ப்பலகை. “உள்ளே இது எப்படி நடக்கிறது?” என்று ஒரு பள்ளிச் சிறுமி கேட்டாள். பலகையின் கீழ் நின்ற நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நால்வரில் நானும் ஒருவன். ஆகவேதான் இவ்வளவு பேசுகிறேன்.

சட்டம் தடுக்கும் என்று அஞ்சுகிறார் செயலாளர். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1999இல் சேர்த்த பிரிவுகள், முறையாகப் பெற்ற நிரல் எப்படி இயங்குகிறது என்று ஆராய்வதை அனுமதிக்கின்றன. பிறர் விளையாட்டை எங்கிருந்தோ இறக்குவது வேறு செய்தி. நம் பெட்டியோடு வந்த, ஆயிரக்கணக்கில் விளையாட்டு இருப்பதாகப் பீற்றிக்கொள்ளும் கேசட்டோ தானே ஒரு களவுச் சரக்கு! அதைத் தொட வேண்டாம். ஒரு பந்து, இரண்டு மட்டை. இந்த அளவுக்கு ஒரு விளையாட்டை நாமே எழுதி, பெட்டியிலும் நடிப்பிலும் ஒருசேர ஓட்டிப் பார்ப்போம். எங்கே இரண்டும் மாறுபடுகின்றனவோ அங்கே நாம் தவறியிருக்கிறோம் என்று பொருள்.

இடையில் பருவத் தேர்வு குறுக்கிடும் என்பதை மறுக்கவில்லை. ஒலிப்பகுதியை இந்த ஆண்டு விட்டுவிட வேண்டியிருக்கலாம். ஊமைப் பெட்டியாக நின்றாலும் எனக்குச் சம்மதம்.

தீர்மானத்தை மீண்டும் அவையில் வைக்குமாறு செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெட்டி இப்போது என் அறையில் இருக்கிறது. துருவேறிய ஊசிகளைத் துடைத்தாயிற்று, விளக்கு எரிகிறது. பழைய குழாய் டிவி ஒன்று எவர் வீட்டிலாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். ஆட்டோக் கூலி நான் தருகிறேன்.