கயிறு பிடிப்பது யார்?

டாக்டராகப் போகிறவர் ஆஸ்பத்திரியில் பழகுகிறார். பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்கிறார். தவறு நேராமல் பார்த்துக் கொள்கிறார். வக்கீலாகப் போகிறவர் சீனியரிடம் பழகுகிறார்.

வாத்தியாராகப் போகிறவர் எங்கே பழகுவது?

பள்ளிக்கூடத்தில்தான்! உங்கள் பிள்ளையின் வகுப்பில்தான்!

அதனால் இது கல்லூரிக்காரர்கள் மட்டும் பேசித் தீர்க்கிற விஷயம் அல்ல. பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம்.

தூத்துக்குடியில் வ.உ.சி. கல்வியியல் கல்லூரி இருக்கிறது. 1955-ல் தொடங்கியது. அதே 1955-ல்தான் மன்னார் வளைகுடாவில் நீண்ட இடைவெளிக்குப் பிறகு முத்துக்குளிப்பும் தொடங்கியது. முத்துக்குளிப்பு 1961-ல் நின்றது. அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. கல்லூரி நிற்கவில்லை. ஆண்டுதோறும் ஆசிரியர்களை அனுப்பிக் கொண்டே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. கல்லூரி ஒரே ஊரில் இருக்க, பட்டத்தில் குத்துகிற முத்திரை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகம். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1990-ல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்தது. 2008-ல் ஆசிரியர்களுக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் சென்னையில் வந்தது. தமிழ்நாட்டின் பி.எட். கல்லூரிகள் எல்லாம் அதன் கீழ் வந்தன.

முத்திரை மாறியது. ஆனால் வாத்தியார் உருவாகிற இடம் மாறவில்லை. அது பள்ளிக்கூட வகுப்பறை.

சென்னை தந்த பாடம்

ஆசிரியர் பயிற்சி நமக்குப் புதிதல்ல. 1789-ல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையில் ஓர் அநாதைப் பள்ளியை நடத்த வந்தார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவனே இளைய மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கும்படியும் செய்தார். 1797-ல் அதைப் புத்தகமாக எழுதினார். இங்கிலாந்தில் அதற்கு "மெட்ராஸ் முறை" என்றே பெயர் விழுந்தது!

1856-ல் சென்னையில் அரசாங்க ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பிறகு அது சைதாப்பேட்டைக்கு வந்து ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் பயிற்சி பெற்றது அங்கேதான். கல்லூரியோடு சேர்ந்து ஒரு மாதிரிப் பள்ளியும் இருந்தது. காலையில் படித்ததை மாலையில் செய்து பார்க்கலாம். பின்லாந்து நாட்டில் இன்றும் பல்கலைக்கழகங்களே பள்ளிகள் நடத்துகின்றன. அந்தப் பள்ளி ஆசிரியர்களின் வேலையே இரண்டு: பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, வருங்கால ஆசிரியருக்கு வழி காட்டுவது.

நம்மிடம் இப்போது என்ன நடக்கிறது?

பதினாறு வாரம்

பி.எட். முன்பு ஓராண்டுப் படிப்பு. பள்ளிப் பயிற்சி ஏறக்குறைய 40 நாள். 2015-ல் அது இரண்டாண்டுப் படிப்பு ஆயிற்று. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிப்படி, முதல் ஆண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும்.

பதினாறு வாரம் என்றால் நான்கு மாதம். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் அந்த நான்கு மாதமும் பயிற்சி ஆசிரியர் என்ன செய்கிறார்? நல்ல பள்ளிகளில் பாடம் நடத்துகிறார். வேறு பள்ளிகளிலோ, லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக் கொள்கிறார். பதிவேட்டில் கோடு போடுகிறார். மாலையில் பாடக் குறிப்பு நோட்டுக்கு அழகாக அட்டை போடுகிறார். நோட்டு அழகாக இருந்தால் பாடமும் அழகாக இருந்தது என்று அர்த்தமா?

பள்ளியில் "வழிகாட்டி ஆசிரியர்" என்று ஒருவர் உண்டு. அவர்தான் பின் பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைக் கவனிக்க வேண்டும். எங்கே தவறு என்று சொல்ல வேண்டும். ஆனால் அவருக்கு அன்றைக்கு ஆறு பீரியடு. திருத்த வேண்டிய நோட்டு மலைபோல. வழி காட்டுவதற்கென்று நேரம் கொடுத்தார்களா? இல்லை. நோட்டில் கையெழுத்துப் போடுகிறார். அத்துடன் சரி.

முத்துக்குளித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் கடலுக்குள் இறங்குவார். தோணியில் ஒருவர் கயிறு பிடித்து நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் மேலே இழுக்க வேண்டும். அவர் வேறு வேலை பார்த்துக்கொண்டு கயிறு பிடிக்க முடியுமா? கடலோடிகள் வீட்டில் போய் இதைக் கேட்டால் அடிக்க வருவார்கள்!

உப்பளத்துப் பிள்ளை

இன்னொன்று. பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் வீட்டுக்குப் பக்கத்தில், பஸ் வசதியுள்ள பள்ளியையே தேடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் கடற்கரைக் கிராமத்துப் பள்ளியையும் உப்பளத்து ஓரப் பள்ளியையும் பார்க்காமலே ஒருவர் ஆசிரியராகிவிட்டால், நாளைக்கு அங்கே வேலை கிடைக்கும்போது என்ன செய்வார்?

விஞ்ஞானப் புத்தகத்தில் "தெவிட்டிய கரைசல்" என்று ஒரு பாடம். கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். அதே வகுப்பில் உப்பளத் தொழிலாளியின் மகள் இருப்பாள். தண்ணீரை டிகிரி பார்ப்பது அவள் வீட்டுப் பேச்சு. கடல்நீர் 3 டிகிரி அளவில் இருக்கும். பாத்தியில் வெயிலில் வற்றி வற்றி 25 டிகிரியை எட்டும்போது உப்பு விளையத் தொடங்கும். அதுதான் தெவிட்டிய கரைசல்! அவளை எழுப்பிச் சொல்லச் சொன்னால் வகுப்பே கேட்கும். கேட்கத் தெரிந்த டீச்சர் வேண்டும்.

பருவக்காற்றுப் பாடமும் அப்படித்தான். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லி வளர்ந்த மீனவப் பையனுக்கு, "தென்மேற்குப் பருவக்காற்று" என்பது ஏதோ வேற்றூர்ச் சங்கதி போலத் தோன்றும். இரண்டையும் சேர்த்து வைக்கிற வித்தை எந்தப் பரீட்சைத் தாளிலும் இல்லை. கடற்கரைப் பள்ளியில் நான்கு மாதம் நின்றால் வரும்.

பரீட்சை போதுமா?

தகுதித் தேர்வு இருக்கிறதே என்பார்கள். 2012-ல் தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு நடந்தது. 150 கேள்விக்கு 150 மதிப்பெண். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை! தேர்வு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அழுகிற பிள்ளையை எப்படிச் சமாதானம் செய்கிறார் என்பது அந்தத் தாளில் தெரியாது. அதைப் பார்த்தவர் வழிகாட்டி ஆசிரியர் ஒருவரே.

ஆகவே பட்டம் கொடுக்கும்போது அவருடைய சொல்லுக்கு எடை வேண்டும். பயிற்சி ஆசிரியர் வந்திருக்கும் மாதங்களில் அவருக்கு வாரம் சில பீரியடுகளைக் குறைக்க வேண்டும். பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேச வேண்டும். ஒரு சிறு தொகையும் தரட்டுமே! பயிற்சியில் ஒரு பகுதி கடற்கரை அல்லது உப்பளப் பகுதிப் பள்ளியில் கட்டாயம் நடக்க வேண்டும். பஸ் கட்டணத்தைக் கல்லூரி ஏற்கட்டும்.

2025-ல் குழுமம் வரைவு விதிகளை வெளியிட்டது. முதுகலை படித்தவர்களுக்கும் நான்காண்டுப் பட்டம் பெற்றவர்களுக்கும் மீண்டும் ஓராண்டு பி.எட். என்பது அதில் ஒன்று. படிப்பைச் சுருக்கலாம். பள்ளியில் நிற்கும் வாரங்களைச் சுருக்கக் கூடாது. வெட்டுவதானால் வேறு எங்காவது வெட்டட்டும்.

பெற்றோரும் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் பிள்ளையின் வகுப்புக்குப் புதிதாகப் பயிற்சி டீச்சர் வந்திருக்கிறாரா? "அவருக்கு என்ன தெரியும்" என்று பேசாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போய் உப்புப் பாத்தியைக் காட்டுங்கள்.