37 நாளில் மூண்ட மகாயுத்தம்!

1914-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

போஸ்னியாவில் உள்ள சரயேவோ நகரம். ஆஸ்திரியாவின் பட்டத்து இளவரசர் பெர்டினாண்டும் அவர் மனைவி சோபியும் திறந்த காரில் போய்க்கொண்டிருந்தார்கள். டிரைவர் வழி தவறி வேறு தெருவில் காரைத் திருப்பிவிட்டார். தவறு தெரிந்ததும் நிறுத்தினார்.

கார் நின்ற இடத்தில் சில அடி தூரத்தில் 19 வயது வாலிபன் ஒருவன் கைத்துப்பாக்கியுடன் நின்றான். பெயர் பிரின்சிப். இரண்டு முறை சுட்டான். கணவன், மனைவி இருவரும் இறந்தார்கள்.

அதிலிருந்து 37-வது நாளில் ஐரோப்பாவின் ஐந்து வல்லரசுகளும் போர்க்களத்தில் நின்றன. சண்டை நாலு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 90 லட்சத்துக்கும் அதிகமான போர்வீரர்கள் மாண்டார்கள்.

ஒரு கொலைக்காகவா இவ்வளவு பெரிய யுத்தம்? இல்லை. வெடிமருந்து பல ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வந்தது. பிரின்சிப் தீக்குச்சியைக் கிழித்தான், அவ்வளவுதான்.

உறவுக்காரர்கள்

சண்டையிட்ட மன்னர்கள் அந்நியர்கள் அல்ல. ஜெர்மனியின் சக்கரவர்த்தி கெய்சர் வில்லியம், விக்டோரியா மகாராணியின் மகள் வயிற்றுப் பேரன். இங்கிலாந்து மன்னர் 5-ம் ஜார்ஜ், அதே மகாராணியின் மகன் வயிற்றுப் பேரன். ரஷியாவின் ஜார் மன்னர் நிக்கோலஸ் அதே மகாராணியின் பேத்தியை மணந்தவர். கல்யாணத்திலும் கருமாதியிலும் எல்லோரும் ஒன்றாகக் கூடுவார்கள்.

கூடியும் பயன் இல்லை. நாடுகளுக்குள் சந்தேகம் வளர்ந்துவிட்டது.

கப்பல் போட்டி

இங்கிலாந்து ஒரு தீவு. அதன் சாப்பாட்டில் பெரும் பகுதி கப்பலில் வரவேண்டும். ஆகவே "கடலில் நம்மை மிஞ்ச ஆள் இருக்கக்கூடாது" என்பது அந்த நாட்டின் கொள்கை.

ஜெர்மனி 1871-ல்தான் ஒரே நாடாகச் சேர்ந்தது. வெகு வேகமாக வளர்ந்தது. எஃகு உற்பத்தியில் இங்கிலாந்தையே முந்தியது. "இவ்வளவு பெரிய நாட்டுக்குப் பெரிய கடற்படை வேண்டாமா?" என்று கேட்டார் கெய்சர். 1898-ல் அதற்குச் சட்டம் போட்டார்கள்.

"தரையில் இவ்வளவு பெரிய பட்டாளம் வைத்திருப்பவருக்குக் கடலில் என்ன வேலை?" என்று இங்கிலாந்து பயந்தது. 1906-ல் 'டிரெட்நாட்' என்ற ராட்சதப் போர்க்கப்பலைக் கடலில் இறக்கியது. அதன் முன்னே மற்ற போர்க்கப்பல்கள் எல்லாம் பழசாகிவிட்டன. இங்கிலாந்தின் கப்பல்களும் பழசாகிவிட்டன என்பதுதான் வேடிக்கை! இரண்டு நாடுகளும் மறுபடி முதலில் இருந்து போட்டியைத் தொடங்கின.

1909-ல் இங்கிலாந்து சர்க்கார் நாலு கப்பல் கட்டலாம் என்றது. கடற்படைத் தளபதிகள் ஆறு கேட்டார்கள். பேரம் எட்டில் முடிந்தது! நாலுக்கும் ஆறுக்கும் நடுவே எட்டு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பயம் கணக்குப் போட்டால் அப்படித்தான் விடை வரும். 1912-ல் ஹால்டேன் என்ற ஆங்கில மந்திரி சமரசம் பேச பெர்லினுக்குப் போனார். வெறுங்கையுடன் திரும்பினார்.

பயந்தவன் துணை தேடுவான். ஜெர்மனி ஆஸ்திரியாவுடன் சேர்ந்தது. பிரான்சு ரஷியாவுடன் சேர்ந்தது. இங்கிலாந்து பிரான்சுடன் நெருங்கியது. ஒருவன் மேல் அடி விழுந்தால் ஊரே கம்பு எடுக்கும் நிலை ஏற்பட்டது.

ரயில் அட்டவணை

ஜூலை 28-ந் தேதி ஆஸ்திரியா செர்பியா மீது போர் தொடுத்தது. 30-ந் தேதி செர்பியாவுக்கு ஆதரவாகப் பட்டாளம் திரட்ட ஜார் மன்னர் உத்தரவிட்டார். அந்த நாட்களிலும் கெய்சரும் ஜாரும் ஒருவரை ஒருவர் "வில்லி", "நிக்கி" என்று செல்லப் பெயரில் அழைத்துத் தந்தி அடித்துக்கொண்டிருந்தார்கள்!

ஆனால் தந்தியைவிட ரயில் வேகமாக ஓடியது. ரஷியா பரந்த நாடு. அதன் பட்டாளம் எல்லைக்கு வந்து சேரப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் பெல்ஜியம் வழியாகப் புகுந்து பிரான்சை வீழ்த்திவிட்டு, பிறகு ரஷியா பக்கம் திரும்பவேண்டும். இதுதான் ஜெர்மன் தளபதிகளின் திட்டம். ஒரு நாள் தாமதித்தாலும் திட்டம் பாழ். எனவே ரஷியா பட்டாளம் திரட்டினாலே ஜெர்மனி சண்டையைத் தொடங்கிவிடவேண்டும்!

ஆகஸ்டு 1-ந் தேதி மாலை. "பிரான்சைத் தாக்காவிட்டால் இங்கிலாந்து ஒதுங்கி நிற்கும்" என்று லண்டனில் இருந்து ஒரு செய்தி வந்தது. கெய்சருக்கு ஒரே மகிழ்ச்சி. "எல்லாப் படைகளையும் ரஷியா பக்கம் திருப்புங்கள்" என்று தலைமைத் தளபதி மோல்ட்கேயிடம் சொன்னார்.

மோல்ட்கே முகம் வெளுத்தது. "முடியாது" என்றார். சுமார் 11 ஆயிரம் ரயில்களுக்கு நிமிஷக் கணக்கில் அட்டவணை போட்டிருந்தார்கள். அதை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும் என்பது அவர் வாதம்.

லண்டன் செய்தியும் தவறானது என்று அன்று இரவே தெரிந்துவிட்டது. யுத்தம் முடிந்தபின் ஜெர்மன் ராணுவ ரயில் பிரிவில் இருந்த தளபதி ஒருவர் ஒரு புத்தகம் எழுதினார். படைகளைத் திருப்பியிருக்க முடியும் என்று அதில் கணக்குக் காட்டினார். யாருக்கு என்ன லாபம்?

ஆகஸ்டு 4-ந் தேதி ஜெர்மன் படை பெல்ஜியத்தில் நுழைந்தது. அன்று இரவு இங்கிலாந்தும் போரில் குதித்தது.

சென்னையில் குண்டு

இங்கிலாந்து போரில் இறங்கியதும் இந்தியாவும் இறங்கியதாக ஆயிற்று. நம்மை யாரும் கேட்கவில்லை. 10 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். சுமார் 74 ஆயிரம் பேர் திரும்பவில்லை.

1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஜெர்மன் கப்பல் 'எம்டன்' சென்னைக்கு வந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசியது. தொட்டிகள் பற்றி எரிந்தன. ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கெட்டிக்காரனை "அவன் பெரிய எம்டன்" என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சு அப்போது பிறந்ததுதான்.

கையில் நேரம் இருந்தது

1962 அக்டோபரில் கியூபா தீவில் ரஷிய ஏவுகணைகள் இருப்பதை அமெரிக்கா கண்டுபிடித்தது. உடனே குண்டு போடவேண்டும் என்று தளபதிகள் நெருக்கினார்கள். ஜனாதிபதி கென்னடி அந்த ஆண்டுதான் 1914-ம் ஆண்டு யுத்தம் மூண்ட கதையைப் புத்தகமாகப் படித்திருந்தார். குண்டு போடாமல், கப்பல்களை நிறுத்திக் கடலில் வழிமறித்தார். பேசுவதற்கு நேரம் கிடைத்தது. 13 நாளில் ரஷியா ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது.

அப்போதுகூட வாஷிங்டனில் இருந்த ரஷியத் தூதர் சாதாரணத் தந்தி ஆபீஸ் மூலம்தான் மாஸ்கோவுக்குச் செய்தி அனுப்பினார். தந்திக்காரப் பையன் சைக்கிளில் வந்து வாங்கிப்போவான்! மறு ஆண்டு ஆகஸ்டில் இரண்டு தலைநகரங்களுக்கும் நேரடியாகச் செய்தி அனுப்பும் டெலிபிரிண்டர் வைத்தார்கள்.

1914-ல் 37 நாள் இருந்தது. 1962-ல் 13 நாள். இன்று கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கு அரை மணி நேரம் போதும். பக்கத்து நாடு என்றால் சில நிமிஷம்தான்.

2025-ம் ஆண்டு மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நாலு நாள் சண்டை நடந்தது. இரண்டும் அணுகுண்டு உள்ள நாடுகள். 10-ந் தேதி பிற்பகல் 3.35 மணிக்கு பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைத் தலைவர், அதே பதவியில் உள்ள இந்திய அதிகாரிக்கு டெலிபோன் செய்தார். மாலை 5 மணி முதல் சண்டையை நிறுத்துவது என்று அந்தப் பேச்சில் முடிவாயிற்று.