புகாரில் தொடங்கிப் பாதியில் நிற்கும் பயணம்

கடலில்லாத மாவட்டம் தேனி. அதனாலோ என்னவோ, எங்கள் மாணவர்களுக்குக் கடல்மீது தீராத காதல். கல்விச் சுற்றுலா என்ற பேச்சு எழுந்தாலே கன்னியாகுமரி, இராமேசுவரம், பூம்புகார் என்று பட்டியல் தயாராகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர்களைப் பூம்புகாருக்கு அழைத்துச் சென்றோம். 1973-இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்த்தோம். கடலில் கால் நனைத்தோம். திரும்பும் வழியில், கூடலூரைச் சேர்ந்த மாணவி ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "ஐயா, கண்ணகி கடைசியாக வந்து நின்ற மலை எங்கள் ஊருக்கு மேலேதான் இருக்கிறது. அங்கே மட்டும் நாம் ஏன் போவதில்லை?"

பல்லாண்டுகளாகச் சிலம்பு கற்பிக்கும் என்னிடம் அன்று விடையில்லை. அவளுக்குக் காலந்தாழ்த்தித் தரும் விடையே இக்கட்டுரை.

மதுரையை எரித்தபின் கண்ணகி வையைக் கரையைப் பற்றிக்கொண்டு மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை மரத்தின் நிழலில் நின்றாள் என்பது இளங்கோவடிகள் காட்டும் காட்சி. அந்த வழியைத் தேடி நடந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார், 1963-இல் கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் உள்ள பழைய கற்கோயிலே கண்ணகி கோட்டம் என்று அடையாளம் காட்டினார். தமிழகமும் கேரளமும் எல்லை குறித்து வழக்காடும் இடம் அது. பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டியது. ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று மட்டும், பொதுமக்கள் செல்லலாம். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். பளியங்குடியிலிருந்து காட்டுவழியே நடந்தும் ஏறலாம்.

அதற்கடுத்த சித்திரையில் நானும் ஏறினேன். எனக்கு முன்னே மூச்சிரைக்க ஏறிய மூதாட்டியர் எவரும் சிலம்பைப் படித்தவரல்லர். ஆனால் யாரைக் காணச் செல்கிறோம் என்பதை அவர்கள் அறிவர். சரிந்த சுவர்களுக்கும் இடிந்த கற்களுக்கும் நடுவே நின்றபோது, காப்பியத்தின் கடைசிப் பகுதியை அதுவரை நான் பாதிதான் படித்திருக்கிறேன் என்று தோன்றியது.

கோட்டத்திற்கு ஆண்டில் ஒரு நாள்தான். மற்ற நாள்களுக்கும் இப்பள்ளத்தாக்கில் இடங்கள் உண்டு. விடியலில் புறப்பட்டால் இருட்டுமுன் வீடு திரும்பிவிடலாம்; நகரப் பேருந்துக் கட்டணமே போதும்.

உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயில் பாறை இருக்கிறது. அதில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அருகே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உண்டு. பாண்டிய நாட்டுக் குன்றுகள் பலவற்றில் காணப்படும் அச்சணந்தியின் பெயர் இங்கும் உள்ளது. கீழே காவல் தெய்வமும் மேலே அருகரும் ஒரே பாறையைப் பகிர்ந்துகொண்டிருப்பதைச் சமய வரலாற்று வகுப்பில் எத்தனை மணி நேரம் பேசினாலும் புரியவைக்க இயலாது.

சின்னமனூரை மேகமலைக்கு ஏறும் திருப்பமாகவே பலரும் அறிவர். மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் பாண்டியர் பெருமையாகக் கூறும் செப்பேடுகள் கிடைத்தது இவ்வூரில்தான்.

ஆண்டிபட்டி வட்டத்தில் உள்ளது புலிமான்கோம்பை. 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இங்கே தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில் மாண்ட தீயன் அந்தவன் என்பவனுடையது. கிறித்துவுக்கு முற்பட்டதென அதனைத் தொல்லியலாளர் கருதுகின்றனர். 'ஆகோள்' என்பது தொல்காப்பியர் வெட்சிக்குக் கூறும் துறை. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் அச்சொல்லை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் ஆடு மாடு மேயும் வெளியில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். நம் பேருந்துகளோ அவ்வூருக்குள் நுழைவதே இல்லை. வைகை அணைப் பூங்காவோடு திரும்பிவிடுகின்றன.

'இப்படி எழுதி எழுதித்தான் எல்லா இடத்தையும் கெடுக்கிறீர்கள்' என்று நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். அதில் நியாயமுண்டு. அருவிக்கரைகளில் கிடக்கும் கண்ணாடிச் சில்லுகளை நானும் மிதித்திருக்கிறேன். போடிக்கு மேலே குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இம்மாவட்டம் மறக்காது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தபின் காடு எளிதில் நுழையக் கூடியதாகவும் இல்லை, இருக்கவும் கூடாது. 2010 இறுதியில் நின்றுபோன மதுரை–போடி ரயில், அகலப்பாதையாகி 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் திரும்ப வந்துவிட்டது. இனிக் கூட்டம் பெருகவே செய்யும்.

ஆயினும், மறைத்துவைப்பதால் ஓர் இடம் காப்பாற்றப்படும் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. யாரும் அறியாத பாறையை நாளை ஒருவர் வெடிவைத்துத் தகர்த்தால் கேட்பதற்கு யார் இருப்பார்? கூட்டமாகச் செல்வது வேறு, படித்துவிட்டுச் செல்வது வேறு. கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புகாரில் தொடங்கும் கதையைப் புகாரிலேயே விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். காட்டுக்கு உரிய அனுமதியோடும் உரிய நாளிலும் மட்டும் செல்லுங்கள். ஊருக்குள் இருக்கும் கல்லுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் போகலாம்.

அந்த மாணவி இன்று ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. சென்ற ஆண்டு தொலைபேசியில் அழைத்தாள். தன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை உத்தமபாளையம் பாறைக்கு அழைத்துச் சென்றதாகவும், ஒரு பையன் வட்டெழுத்தைத் தன் குறிப்பேட்டில் பார்த்து வரைந்துகொண்டதாகவும் சொன்னாள். கல்விச் சுற்றுலா என்று நான் இதுவரை நடத்தியவற்றுள் எதுவும் அதற்கு ஈடாகாது.