‘உப்புதானே சார்!’

போன வாரம் காலை நடையின்போது ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். நீடாமங்கலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மன்னார்குடி வண்டிக்கு எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் பூட்டி முடிப்பதற்குள் உலக விவகாரம் முழுவதையும் பேசி முடித்துவிடலாம். அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, கூட வரும் நண்பர் தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். வாட்ஸப்பில் சுற்றும் ஒரு செய்தி. மேலே ராஜாஜி படம். கீழே, ‘கடல் மீன் தொட்டிக்கு வெளிநாட்டு உப்புப் பொடி எதற்கு? நம் வேதாரண்யம் கல்லுப்பு போதும். கடலில் இருந்து வந்ததுதானே!’ என்கிற கருத்தில் பத்து வரி.

“உங்க பேரன்கூட மீன் வளர்க்கிறானே சார், கிலோ முன்னூறு ரூபாய்க்குப் பொடி வாங்குறீங்களாமே. உப்புதானே சார்!” என்றார்.

எனக்கு வந்த கோபம் அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். கேட் திறந்த பிறகும் நான் நின்று பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்ததும்தான் நகர்ந்தேன். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கோபத்துக்குக் காரணம், அதே வாக்கியத்தை நானே ஒருநாள் சொன்னேன் என்பதுதான். முப்பது வருஷத்துக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவன் சொன்னேன்.

இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மாலை, பேரனின் கண்ணாடித் தொட்டி ஓரத்தில் பிளந்துகொண்டது. நூறு லிட்டர் தண்ணீரும் கூடத்தில் ஓடியது. உள்ளே இருந்தவை இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டிருக்குமே, அவைதான். அள்ளி வாளியில் விட்டோம். பழைய நன்னீர்த் தொட்டி ஒன்று மாடியில் இருந்தது. ஆனால் பையன் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பும் உப்புக் கலவை தீர்ந்துபோயிருந்தது. பேரன் அழுதான். நான் கம்பீரமாகச் சமையலறைக்குப் போய்க் கல்லுப்புப் பாக்கெட்டுகளை எடுத்து வந்தேன். லிட்டருக்கு 35 கிராம், நூறு லிட்டருக்கு மூன்றரைக் கிலோ. கரைத்து அடர்த்திமானியை மிதக்கவிட்டேன். 1.025. அசல் கடல் நீரின் அளவு. “பார்த்தியாடா, தாத்தா கடலையே செஞ்சுட்டேன்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மீன்கள் மூலையில் ஒதுங்கி வேகமாக மூச்சு வாங்கின. திங்கட்கிழமை ஒன்று போனது. புதன்கிழமை காலை மற்றொன்று. பேரன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மருமகள்தான், “விடுங்க மாமா, மீன்தானே” என்றாள்.

அடர்த்திமானி பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது எடை மட்டும்தான். கரைந்திருப்பது எத்தனை என்று சொல்லும், எது என்று சொல்லாது. தராசில் ஒரு கிலோ நெல்லும் ஒரு கிலோ பதரும் ஒன்றுதானே.

கடல் நீர் ஒரு கிலோவில் உப்புகள் சுமார் 35 கிராம். அதில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 11-க்குச் சற்றுக் குறைவு. மீதி ஏறக்குறைய ஐந்து கிராமில் சல்பேட் 2.7, மக்னீசியம் 1.3, கால்சியம் 0.4, பொட்டாசியம் 0.4, அப்புறம் துளித்துளியாகப் பைகார்பனேட், புரோமைடு முதலானவை. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 மாதிரிகளை டிட்மார் என்கிற வேதியியலாளர் பகுத்துப் பார்த்து 1884-இல் வெளியிட்டார். எந்தக் கடலில் மொண்டாலும் உப்பின் மொத்த அளவு கூடும், குறையும். இந்த விகிதம் மட்டும் அநேகமாக மாறுவதில்லை என்றார். மீனின் உடம்பு அந்த விகிதத்துக்குப் பழகியது.

‘கடலில் இருந்து வந்ததுதானே’ என்கிறார்களே, அங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. கல்லுப்பு கடலில் இருந்துதான் வந்தது. ஆனால் கடல் முழுவதும் அதில் வரவில்லை. அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்பளத்தில் ஒருநாள் நின்று பாருங்கள். கடல் நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடுகிறார்கள். முதலில் சுண்ணாம்புச் சத்து அடியில் படிகிறது. தண்ணீர் இன்னும் கெட்டிப்பட்டு போமே அளவில் 13 டிகிரியைத் தாண்டும்போது ஜிப்சம் படிகிறது. இவை முந்திய பாத்திகளிலேயே நின்றுவிடும். கடைசிப் பாத்தியில் சுமார் 25 டிகிரியில்தான் நம் உப்பு பூக்கிறது. 29, 30 டிகிரி வந்ததும் மிச்சமிருக்கும் கசப்புத் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள். மக்னீசியம், பொட்டாசியம், புரோமைடு எல்லாம் அந்தக் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். விடாவிட்டால் உப்பு கசக்கும், ஈரம் கோத்துக்கொள்ளும். நல்ல உப்பளத் தொழிலாளியின் திறமையே, சோறுக்கு ஆகாத மற்ற எல்லாவற்றையும் உப்பிலிருந்து விலக்குவதுதான். கடலில் கரைந்துள்ளதில் சோடியம் குளோரைடு நூற்றுக்கு 78 அளவு. சாப்பாட்டு உப்பில் 96-க்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அந்த வித்தியாசத்தில் இரண்டு மீன்களின் உயிர் இருந்தது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1880-களிலேயே லண்டனில் சிட்னி ரிங்கர், வெறும் சோடியம் குளோரைடு கரைசலில் தவளையின் இதயம் துடிப்பை நிறுத்திவிடுவதையும், கொஞ்சம் கால்சியம் சேர்த்தால் துடிப்பதையும் கண்டார். ஆஸ்பத்திரியில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் பாட்டிலில் இருப்பது அவர் பெயர்தான். 1900-ஐ ஒட்டி ஜாக் லோப் என்பவர் கடலோர மீன் ஒன்றின் முட்டைகளைக் கடல் நீரின் அளவுக்கே உப்பிட்ட வெறும் சோடியம் குளோரைடு கரைசலில் போட்டார். செத்தன. அதே முட்டைகள் காய்ச்சி வடித்த தண்ணீரில்கூடப் பிழைத்தன! உப்புக் கரைசலில் துளி கால்சியம் சேர்த்ததும் பிழைத்தன. நான் ரிங்கர் கரைசலை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை மாலை ஞாபகம் வரவில்லை.

கடல் மீன் சதா தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும்; குடித்த உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் செவுளின் இறுக்கத்துக்குச் சுற்றியுள்ள நீரில் கால்சியம் வேண்டும். கார அமில நிலை 8-க்கு மேல் நிற்கப் பைகார்பனேட் வேண்டும். இரண்டும் என் ‘கடலில்’ இல்லை.

சிலர் உடனே, “அயோடின் சேர்த்த உப்பு போட்டிருப்பீங்க, அதான்” என்பார்கள். அயோடின் பாவம். அதில் இருப்பது அற்பம். சேர்த்ததனால் போன உயிர் அல்ல இது, சேர்க்காததனால் போனது.

இன்னொரு பொறியும் உண்டு. மீன் கடையில் ‘அக்வேரியம் சால்ட்’ என்று மீன் படம் போட்ட சின்னப் பாக்கெட் விற்பார்கள். தங்க மீனுக்கும் கப்பிக்கும் வெள்ளைப் புள்ளி, பூஞ்சை வந்தால் நன்னீரில் ஒரு சிட்டிகை போட வைத்திருப்பது. அது அநேகமாக நம் கல்லுப்பேதான், சட்டை மாத்திரம் வேறு. ‘மெரைன் சால்ட்’, ‘சீ சால்ட் மிக்ஸ்’ என்று எழுதியிருப்பதுதான் கலவை. கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை ஆகியவற்றின் அளவு உறையில் அச்சிட்டிருக்க வேண்டும். அச்சிடாததை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ராஜாஜிக்கு வருவோம். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து கிளம்பி, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார். 30-ஆம் தேதி உப்பு அள்ளிக் கைதானார். சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியும் நம் ஜில்லா ஜனங்கள் சோறு போட்டார்கள். அந்தப் பாதையில் வாழ்கிற நமக்கு அதில் பெருமை இல்லாமல் போகுமா? ஆனால் அவர் நடந்தது ஏழை தன் கஞ்சிக்கு அள்ளும் உப்புக்கு வெள்ளைக்காரன் வரி போட்டதை எதிர்த்து. மீன் தொட்டிக்காக அல்ல. சுதேசி என்று படம் போட்டுவிட்டால் வேதியியல் தள்ளி நிற்குமா? உண்மையான சுதேசி பேச வேண்டுமானால் அந்தக் கசப்புத் தண்ணீரைப் பற்றிப் பேசட்டும். பாவ்நகரில் 1954 முதல் இயங்கும் மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து பொட்டாஷ் எடுப்பது வரை வழி சொல்லியிருக்கிறது. கலவை செய்வது மந்திர வித்தை அல்ல. தேவை சுத்தமும் அளவும். நம் கடற்கரையிலேயே ஒருவர் தரமாகச் செய்து, அளவை அச்சிட்டு விற்றால் முதல் வாளி என்னுடையது. அதுவரை கல்லுப்பை ஊறுகாய்க்கு வைத்துக்கொள்வோம்.

மறுபக்கத்தாரையும் விடுவதாக இல்லை. பவளத்துக்கென்றே கால்சியத்தைக் கூட்டிச் செய்த ‘ரீஃப்’ கலவைதான் வேண்டும், அதிலும் இன்ன நாட்டு வாளிதான் வேண்டும் என்று பிள்ளைகளின் தலையில் கட்டுகிறார்கள். எதற்கு? நம் நாட்டில் பவளப்பாறை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள பாதுகாப்புதான் அதற்கும். ‘உயிர்ப் பாறை’ என்று மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்து வந்து யாராவது ரகசியமாக விற்றால், அது திருட்டுச் சொத்து. 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. ஆக, வீட்டில் மீன் மட்டும்தான் வளர்க்கப் போகிறீர்கள். மீனுக்குச் சாதாரணக் கலவை தாராளம். நூறு லிட்டர் தொட்டியில் வாரம் பத்து லிட்டர் மாற்றினால் மாதம் ஒன்றரைக் கிலோதான் செலவு. மீனையும் பொரிப்பகத்தில் பிறந்ததாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டி வருஷங்கள் ஆகின்றன.

“அப்போ கடல் தண்ணியையே கேனில் பிடிச்சு வந்துடலாமே” என்பது மூன்றாவது கட்சி. கல்லுப்பைவிட இது ஆயிரம் மடங்கு மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே பிடிப்பீர்கள்? வேளாங்கண்ணியில் குளித்துவிட்டு அப்படியே பிடித்து வருவதாகச் சொன்னார் ஒருவர். அங்கே வெள்ளையாறு கடலில் கலக்கிறது. நம் மூணாறு தலைப்பைத் தாண்டிப் போகிற வெண்ணாற்றுப் பாசனத்தின் வடிகாலும் அதில் சேர்த்தி. குறுவைக்கும் சம்பாவுக்கும் நாம் அடித்த மருந்தை நாமே கேனில் பிடித்துத் திரும்பக் கொண்டுவரலாம்! ஐப்பசி, கார்த்திகையில் முகத்துவாரத்து நீர் பாதி நன்னீர் வேறு. துறைமுகத்தில் டீசல். முகத்துவாரத்தை விட்டு விலகி, கோடையில் எடுத்து, வடிகட்டி, இருட்டில் சில வாரம் வைக்கத் தெம்பிருந்தால் செய்யுங்கள். எழுபது வயதுக்கு மேல் இடுப்புக்கு ஆகாது.

கலவையோடும் சில தகராறுகள் உண்டு. போர்வெல் தண்ணீரில் கலக்காதீர்கள், அதில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது, ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள். தண்ணீரில் உப்பைப் போட வேண்டும். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகத் திரிந்து அடியில் நின்றுவிடும். ஒரு ராத்திரி சுழலவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். அடைமழை மாதத்தில் வாளி மூடி சரியாக இல்லையென்றால் கலவை கல்லாகிவிடும். தொட்டியில் தண்ணீர் வற்றினால் உப்பு நீரை ஊற்றி நிரப்பக் கூடாது. வற்றியது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது. நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் சித்திரை வெயிலில் உங்கள் கூடத்திலேயே ஒரு அகஸ்தியம்பள்ளி உருவாகும்.

நெல் விளைகிற ஊரில் எதற்கய்யா உப்புத் தண்ணீர் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. சுனாமியில் உப்பேறிய நிலத்துக்கு ஜிப்சம் அடித்து அடித்து மீட்ட ஜில்லா இது. பேரன் கேட்டான், வைத்தோம்.

ஆறு மாதம் கழித்து அவன் மறுபடி ஜோடி மீன் வாங்கினான். இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது, நன்றாக இருக்கின்றன. கலவை எப்போதும் ஒரு வாளி கூடுதலாக இருப்பில் உண்டு. வாளி மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருக்கிறான்: ‘தாத்தா தொடக் கூடாது.’